நாற்பது ஆண்டுகள் நிரல் எழுதுவது எப்படி?

1957-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் இளைஞருக்குத் திருமணம் நடந்தது. அந்நாட்டு வழக்கப்படி மணமகன் தம் தொழிலைப் பதிவேட்டில் குறிப்பிட வேண்டும். அவர் ‘புரோகிராமர்’ என்று குறிப்பிட்டார். நகராட்சியார் அதை ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று கூறிவிட்டனர். முடிவில் ‘கோட்பாட்டு இயற்பியலர்’ என்றே பதிவாயிற்று. அந்த இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் பரிசைப் பெற்று 1972-இல் அவர் ஆற்றிய உரையில், இந்த நிகழ்ச்சியை அவரே விவரித்திருக்கிறார்.

பதிவேட்டில் இடம் கிடைக்காத அந்தத் தொழிலை இன்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மென்பொருள் துறையில் வேலை வேண்டும் என்று விரும்புகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பர். ஆனால் இந்த விருப்பத்துடன் ஓர் அச்சமும் சேர்ந்தே வருகிறது. இன்று படிக்கும் கணிப்பொறி மொழி பத்து ஆண்டுகளில் பழையதாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் 22 வயதில் வேலைக்குச் சேருகிறவர் 60 வயது வரை இத்தொழிலில் நிலைத்திருப்பது எங்ஙனம்? நுழைவதற்கு வேண்டிய அறிவும், நிலைப்பதற்கு வேண்டிய அறிவும் ஒன்றுதானா? இதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

‘தேவையான அளவு’ உப்பு

நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் வரிசையாகத் தரும் கட்டளைகளின் தொகுப்பு. இதைச் சமையற் குறிப்புக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சமையற் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதலாம். படிப்பவருக்கு நாக்கு இருக்கிறது, ருசி தெரியும். கணிப்பொறிக்கு அது தெரியாது. ‘தேவையான அளவு’ என்றால் எத்தனை கிராம், எத்தனை பேருக்கு எவ்வளவு, உப்பே இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்விகளை விடாமல் கேட்பதுதான் நிரல் எழுதுவோரின் உண்மையான வேலை. விசைகளைத் தட்டுவது அதில் ஒரு சிறு பகுதியே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று கண்டுபிடிக்கும் நிரல் வேண்டும். புதிதாகக் கற்கும் மாணவர், ஆண்டை 4-ஆல் வகுத்து மீதி வராவிட்டால் லீப் ஆண்டு என்று எழுதிவிடுவார். 2024, 2028 என்று சோதித்துப் பார்த்தால் விடை சரியாகவே வரும். 2000-க்கும் சரியாக வரும். ஆனால் விதி அவ்வளவோடு முடியவில்லை. 100-ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டுகள் லீப் ஆண்டுகள் அல்ல. அவற்றுள் 400-ஆல் வகுபடுபவை மட்டும் லீப் ஆண்டுகள். ஆகவே 1900 லீப் ஆண்டு அன்று. 2000 லீப் ஆண்டு. 2100 லீப் ஆண்டு ஆகாது. மாணவர் எழுதிய நிரல் 1901 முதல் 2099 வரை ஒரு குறையுமின்றி ஓடும். 2100-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐ நாட்காட்டியில் காட்டும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலம் வெளியே தெரியாமல் உறங்கும் தவறு அது.

‘ஓடுகிறது’ என்பதும் ‘சரியாக இருக்கிறது’ என்பதும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்த நாளில்தான் ஒருவர் இத்தொழிலுக்குள் காலெடுத்து வைக்கிறார் எனலாம்.

ஒரே பிழை, மூன்று வேடங்கள்

இனி, மொழிகள் மாறினாலும் மாறாத அறிவு என்பது என்ன என்று பார்ப்போம். இதற்கு மூன்று உண்மை நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

பழைய மோட்டார் வண்டிகளில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கங்களே உடைய மீட்டர் 99999-ஐக் காட்டியபின், அடுத்த கிலோமீட்டரில் 00000 என்று திரும்பிவிடும். வண்டி புதியதாகிவிட்டதா? இல்லை, மீட்டரில் இடம் போதவில்லை. கணிப்பொறியின் உள்ளேயும் இதே நிலைதான். அங்கு எண்கள் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதப்படுகின்றன. அத்தகைய ஓர் இலக்கத்துக்குரிய இடமே ‘பிட்’. ஓர் எண்ணுக்கு 32 பிட்டுகள் ஒதுக்கினால், ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போக, 31 பிட்டுகள் எஞ்சும். அவற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. இதற்குமேல் ஒன்று கூட்டினால், பெரும்பாலான பொறிகளில் எண் திடீரெனக் கழித்தல் குறியுடைய எண்ணாக மாறிவிடும்.

முதல் நிகழ்ச்சி, அகராதியில் சொல் தேடும் முறையைப் பற்றியது. நடுப்பக்கத்தைத் திறக்கிறோம். நாம் தேடும் சொல் அதற்கு முன்னே இருந்தால் முதற்பாதியையும், பின்னே இருந்தால் பிற்பாதியையும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பாதியின் நடுவை மறுபடி திறக்கிறோம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், 10 இலட்சம் சொற்களில் ஒன்றை அதிகம் போனால் 20 முறையில் கண்டுபிடித்துவிடலாம். இதை ‘இருகூற்றுத் தேடல்’ எனலாம். இம்முறை முதன்முதலில் 1946-இல் வெளியிடப்பட்டது. ஆனால் எல்லா அளவுப் பட்டியல்களுக்கும் பொருந்தும் பிழையற்ற வடிவம் பல ஆண்டுகள் கழித்தே வெளியாயிற்று என்று கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத் குறிப்பிட்டிருக்கிறார். அதன்பின்னும் கதை முடியவில்லை. நடுவைக் காண, முதல் இடத்தின் எண்ணையும் கடைசி இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். பட்டியல் மிகப் பெரியதானால் அந்தக் கூட்டுத்தொகை மேற்சொன்ன 214 கோடி எல்லையைத் தாண்டிவிடும். விடை கழித்தல் எண்ணாகிவிடும். ஜாவா மொழியுடன் வழங்கப்பட்ட நிரலிலேயே இந்தப் பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் இருந்தது என்பதை 2006-இல் ஜோஷுவா பிளாக் எடுத்துக்காட்டினார். அந்த நிரலை எழுதியவரும் அவரே! திருத்தம் மிக எளிது: இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டால் வகுத்து, முதல் எண்ணுடன் கூட்டினால் போதும்.

இரண்டாவது நிகழ்ச்சி, விண்வெளிப் பயணத்தில் நேர்ந்தது. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன்-5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 வினாடிகளில் அது பாதை மாறிச் சிதைந்து வெடித்தது. காரணம் என்ன? கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்று நிரலில் இருந்தது. 16 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. முந்தைய ஏரியன்-4 ராக்கெட்டில் அம்மதிப்பு இந்த எல்லையைத் தாண்டவேயில்லை. புதிய ராக்கெட் கூடுதல் வேகம் உடையது; தாண்டிவிட்டது. திசை காட்டும் கருவி செயலிழந்தது. அதற்குத் துணையாக வைத்த கருவியிலும் இதே நிரல் இருந்ததால், அதுவும் உடன் செயலிழந்தது. பழைய ராக்கெட்டில் நன்றாக ஓடிய நிரல்தானே என்று நம்பியதன் விளைவு இது.

மூன்றாவது, இனிமேல் வரவிருப்பது. யூனிக்ஸ் வழிவந்த பல அமைப்புகள் 1970 சனவரி 1 முதல் கடந்துள்ள வினாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. அந்த எண்ணிக்கைக்கு 32 பிட்டுகளே ஒதுக்கியுள்ள கருவிகளில், 2038 சனவரி 19 அன்று, நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு எண்ணிக்கை 214,74,83,647-ஐ எட்டும். அடுத்த வினாடியில் அக்கருவிகள் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குத் திரும்பிச் செல்லும்! பெரிய அமைப்புகள் பல 64 பிட்டுக்கு மாறிவிட்டன. தொழிற்சாலைகளிலும் வண்டிகளிலும் பொருத்தப்பட்டுப் பலரும் மறந்துவிட்ட சிறு கருவிகளைத்தான் தேடித் தேடித் திருத்த வேண்டியிருக்கிறது.

தேடல், ராக்கெட், கடிகாரம். மூன்றும் வெவ்வேறு துறைகள். வெவ்வேறு மொழிகளில் எழுதிய நிரல்கள். ஆனால் பிழை ஒன்றே: எண்ணுக்கு இடம் போதவில்லை. மொழியின் இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இவை மூன்று தனித்தனிப் புதிர்கள். எண் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதை அறிந்தவருக்கு இவை ஒரே பிழையின் மூன்று வேடங்கள். அவர் நான்காவது வேடத்தையும் கண்டவுடன் அடையாளம் காண்பார்.

தேயும் அறிவும் தேயாத அறிவும்

ஃபோர்ட்ரான் 1957-இல் வெளிவந்தது. கோபால் 1960-இல் வந்தது. சி மொழி 1972-ஐ ஒட்டி உருவாயிற்று. பைத்தான் 1991-இலும் ஜாவா 1995-இலும் வெளிவந்தன. இவற்றின் மேல் கட்டப்பட்ட துணைக் கருவிகளோ எண்ணிலடங்கா. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே மறைந்தன. கருவியின் பெயரை நம்பியே தொழிலை அமைத்துக்கொள்பவர், அந்தக் கருவி மறையும்போது தாமும் தடுமாறுவார்.

ஆனால் மொழிக்கு மொழி பெயர்ந்து வரும் அறிவு ஒன்று உண்டு. தரவுகளை எப்படி அடுக்கினால் விரைவில் தேடலாம். நினைவகத்தில் எண்ணும் எழுத்தும் எவ்வாறு இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கை மாற்ற முயன்றால் என்ன ஆகும். ஒரு பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது எப்படி. பிழையைத் தேடும்போது ஐயத்தைப் படிப்படியாகக் குறுக்குவது எப்படி. இவை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பும் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன. ஒரு மொழியை ஆழமாகக் கற்று, அதன் வழியாக இவற்றை அறிந்தவர், இரண்டாவது மொழியைச் சில வாரங்களில் பழகிக்கொள்வார்.

டோரதி வான் அம்மையார்

தொழிலே காலடியில் நழுவும்போது என்ன செய்வது என்பதற்கு ஒருவர் வாழ்க்கையே பாடமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்பது முன்பு ஒரு பொறியின் பெயர் அன்று. கணக்குப் போடும் மனிதரின் பதவிப் பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கணித ஆசிரியையாக இருந்த டோரதி வான், 1943-இல் லாங்லி விமான ஆராய்ச்சிக்கூடத்தில் அத்தகைய கணிப்பாளராகச் சேர்ந்தார். அவர் கருப்பினப் பெண். அக்கால நிறவெறிச் சட்டங்களின்படி அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் தனிப் பணிக்கூடம், தனி உணவு மேசை. 1949-இல் அப்பிரிவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

பின்னர் மின்னணுக் கணிப்பொறிகள் வரத் தொடங்கின. கையால் கணக்கிடும் வேலை இனி நிலைக்காது என்பது தெளிவாயிற்று. அவர் என்ன செய்தார்? ஃபோர்ட்ரான் மொழியைத் தாமே கற்றார். தம்முடன் பணியாற்றிய பெண்களுக்கும் கற்பித்தார். 1958-இல் அந்நிறுவனம் நாசாவாக மாறித் தனிப் பிரிவுகள் ஒழிக்கப்பட்டபின், ஆண்களும் பெண்களும் எல்லா நிறத்தவரும் சேர்ந்த கணிப்புப் பிரிவில் நிரலாளராகப் பணிபுரிந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்கவுட் ராக்கெட் திட்டத்துக்கும் உழைத்து, 1971-இல் ஓய்வு பெற்றார்.

இதில் நாம் காண வேண்டியது ஒன்று. அவருடைய கணித அறிவு வீணாகவில்லை. அது புதிய உடை அணிந்துகொண்டது. எந்தச் சமன்பாட்டுக்கு எந்த விடை பொருந்தும், எது பொருந்தாது என்று அறிந்தவருக்கே பொறி தரும் விடையைச் சரிபார்க்கவும் முடியும்.

பொறியே நிரல் எழுதினால்?

இன்று இளைஞர் பலரையும் வாட்டும் கேள்வி இது. சொல்லால் கேட்டாலே நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் 2021 முதல் பரவலாகிவிட்டன. பின் மனிதருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. தொடக்கத்தில் நிரலாளர்கள் பொறிக்கே உரிய எண் குறியீடுகளில்தான் எழுதினார்கள். 1952-இல் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ‘ஏ-0’ என்னும் அமைப்பை ஆக்கினார். ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் துண்டுகளை எடுத்துக் கோக்கும் வேலையை அது பொறியிடமே ஒப்படைத்தது. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் ‘தானியங்கிக் குறியீட்டு முறை’ என்றே அழைக்கப்பட்டது. எண் குறியீட்டைக் கையால் எழுதும் வேலை உண்மையில் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் நிரல் எழுதுவது எளிதானதால், முன்பு எவரும் நினைத்தும் பாராத வேலைகளுக்கெல்லாம் நிரல்கள் தோன்றின.

அதேபோல்தான் இப்போதும் நடக்கும் என்று உறுதி கூற வரவில்லை. ஒன்று மட்டும் உறுதி. கேட்டதை எழுதித் தரும் கருவிக்கு, எதைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். எழுதித் தந்தது சரியா என்று ஒருவர் பார்க்க வேண்டும். 4-ஆல் மட்டும் வகுத்துப் பார்க்கும் லீப் ஆண்டு நிரலைப் பொறி தந்தாலும் அது தவறுதான். அதைக் கண்டுபிடிக்க விதியை அறிந்தவர் வேண்டும். ஆகவே கற்கும் காலத்தில் கருவியிடம் விடையை வாங்கி ஒட்டிவிட்டு நகருபவர், சரிபார்க்கும் திறனைப் பெறாமலே போகிறார். முதலில் தாமே முயன்று, பின்பு கருவியின் விடையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் தேடுபவர் இரு மடங்கு கற்கிறார்.

தமிழில் படித்தவர்களுக்கு

தமிழ்வழி பயின்ற மாணவர் பலர், ஆங்கிலம் சரளமாக வராததால் இத்தொழில் நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிடுகின்றனர். இது தேவையற்ற அச்சம். 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் தனிப்பொருள் கொண்ட ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 32 தான். விளக்கக் கையேடுகளைப் படிக்கவும், உடன் பணிபுரிவோருக்குத் தெளிவாக எழுதவும் ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. அதை நாள்தோறும் ஒரு பக்கம் படித்துப் பழகிக்கொள்ளலாம். ஆனால் சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் சிந்தனை தமிழிலேயே நடக்கலாம். தடை ஒன்றும் இல்லை.

சில இடங்களில் தமிழறிவு ஓர் அனுகூலமும் ஆகும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்று முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகளாக இருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கவனமின்றி எழுதிய நிரல், எழுத்துகள் ஐந்து என்று சொல்லும். சொல்லைத் திருப்பி எழுதச் சொன்னால் புள்ளியையும் இகரக் குறியையும் இடம் மாற்றிச் சிதைத்துவிடும். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இப்பிழை கண்ணில் படாது. நமக்கு உடனே படும். இதைத் திருத்தும் நிரல் ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள். நல்ல முதற்பயிற்சி அது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிறர் பயன்படுத்தும் ஒரு சிறு நிரலை முழுமையாக முடியுங்கள். பள்ளி நூலகத்தின் புத்தகக் கணக்காக இருக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தின் வரவுப் பதிவாக இருக்கலாம். அரைகுறையாக நிற்கும் பத்து நிரல்களைவிட, ஒருவர் நாள்தோறும் பயன்படுத்திக் குறை சொல்லும் ஒரு நிரல் அதிகம் கற்பிக்கும்.

இரண்டாவது, பிறர் எழுதியதைப் படியுங்கள். வேலையில் சேர்ந்தபின் பெரும்பாலும் முன்னவர் எழுதிவைத்ததைப் படித்துத் திருத்துவதே பணியாக இருக்கும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் போன்ற அமைப்புகளின் மூல நிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. விலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, சோதனையை நிரலோடு சேர்த்தே எழுதுங்கள். வெற்றுப் பட்டியல், ஒரே ஓர் உறுப்பு, மிகப் பெரிய எண், எதிர்பாராத எழுத்து என்று எல்லைகளில் சோதியுங்கள். பிழைகள் பெரும்பாலும் எல்லைகளில்தான் குடியிருக்கின்றன.

நான்காவது, ஏதேனும் ஒரு துறையின் அறிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, மருத்துவம், வேளாண்மை, சரக்குப் போக்குவரத்து என எதுவாயினும் சரி. அத்துறையினர் பேசும் மொழி புரிந்த நிரலாளரே சரியான கேள்விகளைக் கேட்கக்கூடியவர்.

ஐந்தாவது, உடலைக் காத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் அசையாது உட்கார்ந்து திரையைப் பார்ப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் தீங்கு. இடையிடையே எழுந்து நடப்பதும், தொலைவில் உள்ள பொருளைச் சிறிது நேரம் பார்ப்பதும், இரவில் உறங்குவதும் இத்தொழிலின் பகுதிகளே. நாற்பது ஆண்டுப் பயணத்தை முதல் ஐந்து ஆண்டுகளிலேயே ஓடி முடிக்க இயலாது அல்லவா?

வேலை நிலைக்கும் என்று எந்த நிறுவனமும் எழுதித் தருவதில்லை. சந்தை ஏறும், இறங்கும். திறமை உடையவரும் வேலை இழப்பதுண்டு. ஆனால் அடிப்படையை அறிந்தவர் அடுத்த வாயிலைத் தட்டும்போது வெறுங்கையோடு நிற்பதில்லை.

2038 சனவரி 19-ஆம் நாள் காலையில், இதைப் படிக்கும் உங்களுள் பலர் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பீர்கள். அந்தக் கடிகாரங்கள் தடுமாறாமல் இருக்க வேண்டுமானால், அதற்கு முன்பே யாரேனும் ஒருவர் பழைய நிரலைத் திறந்து பொறுமையாகப் படித்து, எண்ணுக்குப் போதிய இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். இன்று மாலையே ஒரு தாளை எடுத்து, 31 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் ஏன் 214,74,83,647 ஆகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.